ஆலமரத்து வௌவாலும் தெருவிளக்குத் துரிஞ்சிலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் குளக்கரை ஆலமரத்தில் பகல் முழுக்க வௌவால்கள் தொங்கும். "அதுக்குக் கண் தெரியாது, கத்தி எதிரொலி கேட்டுத்தான் பறக்கும்" என்று வகுப்பில் சொன்னேன். "நாம கிட்டப் போனா நம்மளப் பார்க்குதே டீச்சர்" என்றான் ஒரு பையன். என்ன பதில் சொல்ல?

செல்வி

அன்புள்ள செல்வி,

பையன் சொன்னதுதான் சரி. ஆலமரத்தில் தொங்குபவை பழந்தின்னி வௌவால்கள். பெரிய கண், நல்ல மூக்கு. பழம் தேட அவை இரண்டும் போதும். எதிரொலி வித்தை அவற்றுக்குத் தெரியாது. அதைச் செய்வது பூச்சி பிடிக்கும் சின்ன வௌவாலான துரிஞ்சில். அதுவும் குருடு இல்லை.

சின்ன வயதில் தெருவிளக்கடியில் நின்று பொடிக்கல்லை மேலே எறிவோம். துரிஞ்சில் பாய்ந்து வந்து, கல்லைத் தொடப்போகிற நேரத்தில் வெட்டித் திரும்பிவிடும். ஏமாந்துவிட்டது என்று சிரிப்போம். அதற்குள் அது கல்லை விசாரித்து முடித்திருக்கும் என்பது அப்போது தெரியாது. சும்மா சுற்றும்போது நொடிக்குப் பத்துத் தடவை போலக் குரல் கொடுக்கும். இரையை நெருங்க நெருங்க அது நொடிக்கு 150, 200 என்று ஏறும். 1.7 மீட்டர் தள்ளியிருக்கும் பூச்சியில் பட்டு எதிரொலி திரும்ப, நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. இவ்வளவு கூச்சலும் நமக்குக் கேட்பதில்லை. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிடுகிறது; அதன் குரல் அதற்கும் மேலே.

கேட்காததால் வந்த வினை ஒன்று உண்டு. 1793-இல் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற அறிவியலாளர் வௌவால்களின் கண்ணைக் கெடுத்துப் பறக்கவிட்டார். கொடுமைதான். அவை எப்போதும்போலப் பறந்தன. அப்புறம் ஜெனீவாவில் ஜூரின் என்ற மருத்துவர் வௌவால்களின் காதை அடைத்துப் பார்த்தார். கண்டதிலெல்லாம் முட்டி விழுந்தன. விடை கையில் இருந்தது. ஆனால் சத்தமே போடாத பிராணிக்குக் காது எதற்கு என்று பலரும் ஒப்பவில்லை. தொடு உணர்வுதான் என்றார் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே. அவர் பெரிய மனிதர், அவர் சொன்னதே நின்றது. 1938-இல் ஹார்வர்டு மாணவர் டொனால்ட் கிரிஃபின், பியர்ஸ் என்ற பேராசிரியர் செய்துவைத்திருந்த கருவியின் முன்னால் ஒரு கூண்டு வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். நம் காதுக்கு எட்டாத ஒலியை எட்டும் ஒலியாக மாற்றித் தரும் கருவி அது. சத்தமில்லாத பிராணி என்று நினைத்தது ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

பையனைச் சாயங்காலம் தெருவிளக்கடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கல் மட்டும் பொடியாக இருக்கட்டும், பல்பு பஞ்சாயத்துச் சொத்து.