புது ஊரை நடந்தே சுற்றிப் படமெடுக்க எந்த நேரம், எந்த லென்ஸ் சரி?

எப்போது கிளம்புவது, எந்த லென்ஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள். சூரியன் தாழ்வாக இருக்கையில் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. நீலம் சிதறிப்போய்ப் பொன்னிறம் மிஞ்சுகிறது. பக்கவாட்டில் விழும் அந்த வெளிச்சத்தில் பழைய சுவரின் உரிந்த சுண்ணாம்பு செதில் செதிலாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே சுவர் தட்டையாகிவிடும். அப்போது குறுகிய சந்துகளின் நிழலே கதி.

முழு ஃபிரேம் கேமராவென்றால், அதாவது ஒளியைப் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவே இருந்தால், சற்றே அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். லென்ஸ் துளையின் அளவு எஃப்/8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் தானியங்கி என்று வைத்தால் நடப்பவர்களின் உருவம் மங்கலாகாமல் பதியும்.

கடைக்காரர்களிடம் கேட்டுவிட்டே எடுங்கள். சம்மதித்ததும் உடனே சொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். கேமராவை மறந்து அவர்கள் வேலையில் இறங்கும்போது எடுக்கும் படம்தான் உருப்படியாக வரும்.