பி.என்.ஜி. ஆக்கினால் படம் தெளியுமா?

கேள்வி: அப்பாவின் வருஷ திதி அடுத்த மாதம் வருகிறது. தம்பி கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தில்தான் அவர் சிரித்த முகமாக இருக்கிறார். புதுச்சேரியில் இருக்கும் தம்பி அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். போனிலேயே படத்தைத் திருப்பி, அப்பாவை மட்டும் வெட்டி, வெளிச்சம் கூட்டி, நாலைந்து தடவை சேமித்தேன். 12க்கு 18 அங்குலத்தில் பிரேம் போடக் கேட்டால், “படம் உடையும்மா, பி.என்.ஜி.யாக மாற்றி எச்டி பண்ணித் தருகிறேன், 1,500 ரூபாய்” என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா ஐயா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. தண்ணீர் கலந்த பாலை வெள்ளிச் சொம்பில் ஊற்றினால் பால் கெட்டியாகிவிடாது.

உங்களிடம் இருப்பது ஜேபெக் படம். அதைச் சேமிக்கும்போது 8க்கு 8 புள்ளிகள் (பிக்சல்) கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். கோப்பு சிறிதாவது அப்படித்தான். திறந்து பார்ப்பதாலும் நகல் எடுப்பதாலும் படம் தேயாது. திருத்தித் திருத்திச் சேமித்தால்தான் தேயும், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. அப்பாவின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கன்னம் சதுரம் சதுரமாகத் தெரியும், மீசை ஓரத்தில் கொசு மொய்த்தது போல் இருக்கும். பி.என்.ஜி. என்பது எதையும் எறியாமல் சேமிக்கும் இன்னொரு கோப்பு வகை. ஏற்கெனவே எறிந்ததை அது திரும்பக் கொண்டுவராது, மிச்சம் இருப்பதை மேலும் கெடாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் பெரிய சேதம் அதற்கு முன்னாலேயே, வாட்ஸ்அப்பில் நடந்துவிட்டது. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தின் நீளப் பக்கத்தைப் பெரும்பாலும் 1600 புள்ளிக்குச் சுருக்கிவிடும். அதில் கால்வாசி அகலம் அப்பா என்று வைத்தால் 400 புள்ளி. 12 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 33. நல்ல அச்சுக்கு 300 வேண்டும், சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 போதும். 33 எதற்குமே ஆகாது.

“300 டிபிஐ ஆக்கிட்டேன்” என்று இன்னொரு கடையில் சொல்வார்கள். டிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. கோப்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் எண்ணை மாற்றுவது அது, புள்ளி ஒன்றுகூட அதிகமாகாது. எச்டி என்பது இப்போது பெரும்பாலும் ஏஐ. இல்லாத முகத்தை அது ஊகித்து வரையும். அப்படிப் ‘பளிச்’ ஆக்கிய பாட்டி படம் ஒன்று என்னிடம் அச்சுக்கு வந்தது. மூக்குத்தியைக் காணோம், பொக்கை வாயில் வரிசையாகப் பல் முளைத்திருந்தது. மகன் பார்த்துவிட்டு, “இது யாருங்க?” என்றார்.

திருப்பினேன் என்கிறீர்களே, அது மட்டும் ஒரு தனிக் கதை. ஜேபெக்கை 90 டிகிரி திருப்புவதில் தரம் இம்மியும் குறையாத வழி உண்டு. கட்டங்களைப் பிரிக்காமல் அப்படியே இடம் மாற்றி அடுக்கிவிடலாம். ஆனால் படத்தின் நீள அகலம் 8ஆலோ, பல படங்களில் 16ஆலோ, மீதியில்லாமல் வகுபட வேண்டும். 1600க்கு 1200 வகுபடும். 4000க்கு 3000 என்றால் 3000ஐ 16 மீதியில்லாமல் வகுக்காது, ஓரம் இடிக்கும். சில செயலிகள் படத்தைத் தொடாமல் ‘இப்படித் திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் எழுதிவைக்கும். அதிலும் நஷ்டமில்லை. சிலது சொல்லாமல் கொள்ளாமல் முழுதாகப் புதிதாகச் சேமித்துவிடும். எது எதைச் செய்கிறது என்று திரையில் போட்டிருக்க மாட்டார்கள். கோணலை நிமிர்த்த இரண்டு மூன்று டிகிரி திருப்பினால் இந்தச் சலுகையே கிடையாது.

உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தேர்வு விண்ணப்பமா, படம் 20 கேபிக்கு மேல், 50 கேபிக்குள்! அனுப்பும் படத்தைத் தானே சுருக்கிக்கொள்ள ஒரு தளத்துக்கு என்ன கேடு? பிரவுசிங் சென்டரில் மூலப் படத்தையே சுருக்கி, அதே பெயரில் சேமித்துக் கையில் கொடுக்கிறார்கள். ஊரே அப்படிப் பழகிவிட்டது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். தம்பியிடம் கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம், ஆனால் கேலரி வழியாக வேண்டாம், ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் ‘டபிள்யூஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒருமுறை சுருங்கி வந்த படம், டாக்குமென்ட்டாக அனுப்பினாலும் சுருங்கினது சுருங்கினதுதான். தம்பியிடம் இல்லையென்றால் கல்யாணத்துக்குப் படமெடுத்தவரிடம் இன்றே கேளுங்கள், நாளாக ஆக அழித்துவிடுவார்கள்.

மூலத்தை அப்படியே வைத்துவிட்டு ஒரு நகலில் வேலை செய்யுங்கள். வெட்டுவது, வெளிச்சம் எல்லாம் ஒரே மூச்சில் முடித்து ஒருமுறை சேமியுங்கள். பாதியில் எழுந்துபோக வேண்டியிருந்தால் அப்போது பி.என்.ஜி.யில் சேமிக்கலாம். அதற்குத்தான் அது.

மூலம் 4000 புள்ளி அகலம் என்றால் அப்பாவுக்கு 1000 கிடைக்கும். அதுவும் 12 அங்குலத்துக்குப் போதாது. 6க்கு 8ல் அச்சடித்தால் அங்குலத்துக்கு 166 வரும், முகம் தெளிவாக இருக்கும். சுற்றிலும் அகலமாக மவுண்ட் அட்டை வைத்து அதே 12க்கு 18 பிரேமில் போடச் சொல்லுங்கள், மாலை போடவும் இடம் இருக்கும். அச்சடிப்பவரிடம் “முகத்தை ஸ்மூத் பண்ணாதீங்க” என்று வாயால் சொல்லிவிட்டு, முடிகிறவரை பக்கத்திலேயே நில்லுங்கள்.