பிராக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டி தேவையா?

வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு பிராக் நகருக்குச் செல்வதாகவும், படிகளை நினைத்துக் கவலையாக இருப்பதாகவும் எழுதி, கோட்டையைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண்செலவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கைப்பேசியும் வரைபடமும் போதும் என்று பலர் சொல்வார்கள். அதே கோட்டைக்கு இருமுறை வழிகாட்டியுடன் சென்று, முதல்முறை ஏமாந்தவன் நான். ஆகவே வழிகாட்டி வேண்டுமா என்பதைவிட, அவர் உங்களை எங்கே அழைத்துச் செல்வார் என்பதையே முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

நான் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து பிராகிற்கு ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். முதல் பயணத்தில், 'கோட்டை நடைப்பயணம்' என்று விளம்பரப்படுத்தியிருந்த ஒரு நிறுவனத்திடம் இணையத்தில் பணம் கட்டினேன். முற்றங்களில் நடத்தி, நண்பகலில் காவலர் மாறுவதைக் காட்டி, புனித விதுஸ் பேராலயத்தின் வாசலில் நிறுத்தி, "உள்ளே செல்ல நீங்கள் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும்" என்று சொல்லி விடைபெற்றுவிட்டார்கள். முற்றங்களில் நடக்கக் கட்டணமே கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்களாம்; படிக்காதது என் தவறு என்று சொல்ல வருபவர்களுக்கு, ஆம், என் தவறுதான். ஆனாலும் உள்ளே போகாத நடைக்குக் கோட்டையின் பெயரை வைப்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

இரண்டாம் முறை என் தந்தை உடன் வந்தார். அவருக்கு முழங்கால் வலி. வளாகமோ ஏறத்தாழ 17 ஏக்கர். மலையடிவாரத்திலிருந்து படியேற விடாமல் 22ஆம் எண் டிராமில் கோட்டை நிறுத்தம் வரை அழைத்துச் சென்றேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இம்முறை நுழைவுச்சீட்டும் சேர்ந்ததா என்று இருமுறை கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்டினேன். வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க செக் நாட்டுப் பெண்மணி. அவர் ஜெர்மன் மொழியில் பேசப் பேச, நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பேராலயத்தின் வாசலில், சென்ற முறை நான் நின்ற அதே இடத்தில், அவர் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். முகப்பின் கல்லில், புனிதர்களுக்கு நடுவே கோட்டு அணிந்த சில ஆண்களும் செதுக்கப்பட்டிருந்தார்கள். 1344இல் தொடங்கிய கட்டடம் 1929இல்தான் முடிந்தது; அதை முடித்துவைத்த கட்டடக் கலைஞர்களாம் அவர்கள். உள்ளே, செக் ஓவியர் அல்போன்ஸ் முகா வடிவமைத்த சன்னலுக்கு அருகில் சென்றோம். வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் படம் அமைப்பதற்குப் பதிலாக, அதில் கண்ணாடியின் மேலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் இருந்த எழுத்துகளை வழிகாட்டி சுட்டிக்காட்டினார்: செலவை ஏற்றுக்கொண்ட ஸ்லாவியா காப்பீட்டு வங்கியின் பெயர். அப்பா வாய்விட்டுச் சிரித்து, "நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற மாதிரிதான்" என்றார். அதை நான் ஜெர்மனில் சொல்லி முடிப்பதற்குள் குழுவில் பாதிப்பேர் அடுத்த தூணுக்குப் போய்விட்டார்கள், ஆனால் வழிகாட்டி நின்று கேட்டுச் சிரித்தார்.

பழைய அரண்மனையில் உள்ள ஒரு சன்னலுக்காகவே அந்தப் பணம் தகும் என்பேன். 1618 மே 23 அன்று, சினம் கொண்ட புராட்டஸ்டண்டுப் பிரபுக்கள், கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர்களான ஸ்லாவட்டா, மார்ட்டினிட்ஸ் இருவரையும், அவர்களுடைய செயலர் ஃபாப்ரிசியஸையும் அங்கிருந்துதான் வெளியே தூக்கியெறிந்தார்கள். ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போருக்கு வித்திட்ட நிகழ்ச்சி அது. அறையோ சாதாரணமானது, தனியாகச் சென்றிருந்தால் ஒரு நிமிடம்கூட நின்றிருக்க மாட்டேன். சுமார் 20 மீட்டர் ஆழத்தில் விழுந்தும் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். கன்னி மரியாள் தாங்கிப் பிடித்தார் என்று கத்தோலிக்கர்களும், குப்பைமேட்டில் விழுந்ததால் தப்பினார்கள் என்று எதிர்த்தரப்பினரும் சொன்னார்களாம். சுவர் சரிவாக இருப்பதைக் காட்டிய வழிகாட்டி, "தடித்த அங்கிகளும் உதவியிருக்கலாம்" என்றார். பிற்பாடு அந்தச் செயலருக்குப் பேரரசர் பிரபுப் பட்டம் அளித்தபோது சூட்டிய பெயர் 'ஃபான் ஹோஹென்ஃபால்'. ஜெர்மன் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். 'உயரத்திலிருந்து விழுந்தவர்' என்று தமிழில் சொன்னதும் அப்பா தாமதமாக, ஆனால் எங்களைவிட உரக்கச் சிரித்தார்.

எழுத்தாளர் காஃப்கா சிலகாலம் உட்கார்ந்து எழுதிய 22ஆம் எண் வீடு இருக்கும் பொற்சந்து என்ற கோட்டைத் தெருவுக்கு வழிகாட்டி அவ்வளவாகத் தேவையில்லை. நெரிசலில் அவர் சொல்வதும் காதில் விழாது. குழுவின் வேகம் பெற்றோருக்கு ஒத்துவராமல் போகலாம் என்பதும் உண்மை; நாங்களும் இருமுறை பின்தங்கி ஓடவேண்டியிருந்தது. வழிகாட்டிகளுக்காக வாதாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எந்த நிறுவனத்தின் பெயரையும் நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படிகள் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதே பழைய அரண்மனையில், 62 மீட்டர் நீளமுள்ள விளாடிஸ்லாவ் மண்டபத்தில் ஒருகாலத்தில் குதிரைமேல் அமர்ந்து ஈட்டிப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். குதிரைகள் ஏறிவருவதற்காகவே கட்டிய படிக்கட்டு வழியாகத்தான் நாங்கள் வெளியே வந்தோம். அகலமும் தாழ்வுமான படிகள். அன்று முழுவதும் அப்பா என் தோளைப் பிடிக்காமல் இறங்கியது அங்கே மட்டும்தான்.