குழந்தைக்குச் செய்தது ஒன்று, படிவத்தில் எழுதியது வேறு

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருந்தது, ஹைப்போஸ்பேடியாஸ் என்றார்கள். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தோம். நகையை அடகு வைத்து 1,38,000 ரூபாய் கட்டினோம். கணவர் வேலை பார்க்கும் சிப்காட் தொழிற்சாலையின் குழுக் காப்பீட்டில் விண்ணப்பித்தால், “சுன்னத்துக்குப் பாலிசியில் இடமில்லை” என்று மறுத்துவிட்டார்கள். பில்லிலும் ‘முன்தோல் நீக்கம்’ என்று தனியாக 16,000 ரூபாய் போட்டிருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: நகை அடகுக் கடையில் இருக்கும்போது இப்படி ஒரு கடிதம் வந்தால் மனம் எவ்வளவு நோகும் என்று புரிகிறது அம்மா. ஆனால் இது முடிந்துபோன விஷயம் அல்ல. கிளெய்ம் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் ‘பார்ட் பி’ என்ற பகுதியின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். நோய்க்கான ஐசிடி-10 குறியீடு அதில்தான் இருக்கும். ஹைப்போஸ்பேடியாஸுக்கு உரியது க்யூ54. முன்தோல் இறுக்கத்துக்கு உரியது என்47. உங்கள் மகனின் படிவத்தில் இந்த இரண்டாவது குறியீட்டை எழுதியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவர் குழந்தையைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது அந்தக் கட்டத்தை மட்டும்தான்.

இந்த அறுவைச் சிகிச்சையில் முன்தோல் வீணாக வெட்டி எறியப்படும் பொருள் அல்ல. புதிய சிறுநீர்ப் பாதையை அமைக்கவும் அதன்மேல் மூடவும் பெரும்பாலும் அந்தத் தோல்தான் பயன்படுகிறது. இக்குறை உள்ள குழந்தைக்கு முன்கூட்டியே சுன்னத்து செய்யக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். எனவே அதற்கென்று தனியாக 16,000 ரூபாய் வாங்கியது எனக்கு நியாயமாகப் படவில்லை. அமெரிக்க பில்லிங்கில் பயன்படும் சிபிடி குறியீடுகளில் 54322 என்பது துவாரம் நுனியை ஒட்டி இருக்கும் ஹைப்போஸ்பேடியாஸுக்கு ஒரே கட்டமாகச் செய்யும் ஒரு வகைச் சீரமைப்பு. ஆண்குறியின் வளைவை நிமிர்த்துவதும் முன்தோல் நீக்குவதும் அந்த ஒரே குறியீட்டுக்குள் அடங்கும் என்று அதன் விளக்கமே சொல்கிறது. அது நம் ஊர் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் “எதற்காகத் தனிக் கட்டணம்?” என்று எழுத்தில் விளக்கம் கேட்க அது நல்ல ஆதாரம்.

அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி உள்ளிட்ட பதிவேடுகளை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. பார்ட் பி, அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி என்ற மூன்று தாள்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். முரண் இருந்தால், சரியான குறியீட்டைக் குறிப்பிட்டு மருத்துவமனையின் கையொப்பம், முத்திரையோடு திருத்தக் கடிதம் வாங்குங்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். குறியீட்டைத் திருத்தியதும் வேறொரு தடை வரலாம். ஹைப்போஸ்பேடியாஸ் வெளியே தெரியும் பிறவிக் குறை. பல பாலிசிகள் ‘வெளிப்புறப் பிறவிக் குறைபாட்டை’ விலக்கி வைக்கின்றன. சில குழுக் காப்பீடுகள் ஏற்கின்றன. கணவரின் மனிதவளப் பிரிவில் முழுப் பாலிசி ஆவணத்தையும் வாங்கி அந்த வரியைத் தேடுங்கள். விலக்கு இருந்தால், வேறு நோயின் பெயரை எழுதித் தருவதாக யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தைக்கு இன்னொரு கட்ட அறுவை தேவைப்படலாம். அன்று இந்தப் பொய்யே உங்களுக்கு எதிராக நிற்கும். ‘அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி’ என்று மறுத்தால் அதற்குப் பதில் உண்டு. உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவரீதியாக அவசியமான சிகிச்சைக்கு அந்த விலக்கிலேயே விதிவிலக்கு இருக்கிறது. சிகிச்சை அளித்த மருத்துவர் சான்று தர வேண்டும்.

பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்றும் எழுதிக் கேளுங்கள். கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார் அனுப்பி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். குழுக் காப்பீட்டுப் புகார்களையும் அவர் விசாரிக்கிறார். அவரிடம் போவதற்கான ஓராண்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

அந்த 16,000 ரூபாய்க்கு மருத்துவமனை பதில் சொல்லாவிட்டால், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். மருத்துவமனை புதுச்சேரியில் இருந்தாலும், புகார் தருபவர் வசிக்கும் ஊரில் தாக்கல் செய்ய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் தாக்கல் கட்டணம் கிடையாது.

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே சிறுநீரகக் குழாய் அடைப்பு. அடைப்பை நீக்கும் பைலோபிளாஸ்டி அறுவைச் சிகிச்சை செய்தோம். “வெளிப்புறப் பிறவிக் குறை” என்று மறுக்கிறார்கள். சரியா?
— வாசகர், காரைக்கால்

பதில்: சரியல்ல. உடலின் வெளியே தெரிகிற, எட்டக்கூடிய பாகத்தில் இருந்தால்தான் அது வெளிப்புறக் குறை. சிறுநீரகமும் அதன் குழாயும் உடலுக்குள் இருப்பவை. உங்கள் மகளுக்கு இருந்தது உட்புறப் பிறவிக் குறை. பாலிசியின் ‘வரையறைகள்’ பக்கத்திலேயே இந்த வேறுபாடு அச்சாகியிருக்கும். அதை மேற்கோள் காட்டி மறுபரிசீலனை கேளுங்கள். காத்திருப்புக் காலம் (பாலிசி தொடங்கியபின் சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத காலம்) முடிந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காரைக்காலுக்கும் சென்னைக் குறைதீர்ப்பாளர்தான். மாஹே மட்டும் கொச்சிக்கும், ஏனாம் ஐதராபாத்துக்கும் போகும்.