தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்கு அலாரம் கீபேடைப் பழக்க முடியுமா?

"அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் தள்ளி இருக்கும் தோட்டத்து வீட்டில் இருக்கிறார்கள். திருட்டுப் பயத்தில் அலாரம் மாட்டினோம். கீபேடில் எதையோ அழுத்தி வாரம் இரண்டு தடவை அலறவிடுகிறார்கள். இந்த வயதில் இதெல்லாம் அவர்களுக்கு வருமா, இல்லை கழற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழற்றாதீர்கள். வரும். "இந்த வயதில் வருமா" என்ற அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. இதே வார்த்தையை என் அம்மாவின் முகத்துக்கு நேராக ஒருவர் சொல்ல, நானும் பக்கத்தில் சும்மா நின்றிருக்கிறேன்.

எங்கள் தோட்டம் வெள்ளகோவிலுக்குப் பக்கம். அப்பா போன பிறகு அங்கே அம்மா மட்டும்தான். வயது 71. தம்பி பெங்களூரில், நான் திருப்பூரில். பக்கத்துத் தோட்டத்தில் பெரியப்பா வீடு, நடுவில் ஒரு கொரங்காடு, அதாவது ஆடு மாடு மேயும் வேலி போட்ட நிலம். கூப்பிடு தூரம் என்பார்கள். ஆடிக் காற்று வீசும்போது நின்று கூப்பிட்டுப் பாருங்கள், ஒன்றும் கேட்காது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துத் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். ஐந்தாறு மாதத்தில் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்தில் வயதான கணவன் மனைவி. அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் ராத்திரி நிம்மதியாகத் தூங்கிய வீடு ஒன்றுகூட இருந்திருக்காது.

"அம்மாவைத் தனியே விட்டுவிட்டு அலாரத்தைப் பற்றிப் பேசுகிறாயா" என்று கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை கூட்டி வந்தேன். இரண்டாம் தடவை பதினோரு நாள் இருந்தார். மாடிவீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, பொழுதோட பால் கறந்தார்களோ இல்லையோ என்று ஆளுக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாம் நாள் நானேதான் பஸ் ஏற்றிவிட்டேன். அவருக்கு அங்கேதான் மூச்சு இருக்கிறது. அதை அறுத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொள்வதைப் பாசம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அலாரப் பெட்டி மாட்ட வந்த பையன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். ஆசாரக் (முன்கூடத்து) கதவுக்கும் பொடக்காளிக் (கொல்லைப்புற) கதவுக்கும் திறந்தால் பிடிக்கும் காந்த சென்சார், ஆசாரத்துக்குள் ஆள் நடமாட்டத்தைப் பிடிக்கும் சென்சார் ஒன்று, ஓட்டுக்குக் கீழே சைரன், சைரன் அடித்தால் எங்களுக்குப் போன் போடும், சிம் போட்ட டயலர், கரண்ட் போனால் ஓட 12 வோல்ட் பேட்டரி. கடைசியில் கீபேடை எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அம்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கும் சொல்லுங்க தம்பி" என்றேன். "அவங்களுக்கு இதெல்லாம் வராதுங்க அக்கா. நம்பரை மட்டும் சொல்லிருங்க, போதும்" என்றான்.

அம்மா எதுவும் பேசாமல் காபி வைக்கப் போய்விட்டார்.

கிணற்று மோட்டாரைப் போனிலேயே ஓட விடுகிறவர் அவர். மொபைல் ஸ்டார்ட்டருக்குக் கால் போட்டு, எண்ணை அழுத்தி, மூன்று பேஸும் வந்துவிட்டதா என்று கேட்டு, சொட்டு நீர் வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஆளுக்குச் சொல்கிறவர். அவருக்குப் பன்னிரண்டு பட்டன் உள்ள ஒரு கீபேட் வராதாம். அன்றைக்கு அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. படித்தது ஐந்தாம் வகுப்பு, கீபேடில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து. குறை அந்த எழுத்தில்தான், அவர் மூளையில் இல்லை.

முதல் மாதம் சைரன் ஒன்பது தடவை அடித்தது. எல்லாமே ராத்திரி. டயலர் முதலில் தம்பிக்குப் போகும், அவன் போன் சைலன்டில் கிடக்கும். அப்புறம் எனக்கு, அப்புறம் பெரியப்பாவுக்கு. முதல் மூன்று தடவை பெரியப்பா டார்ச்சும் தடியுமாக ஓடி வந்தார். நான்காவது தடவை போனில் மட்டும் கேட்டார். ஆறாவது தடவை போனும் எடுக்கவில்லை. அவர்மேல் தப்பில்லை, அவருக்கும் 74 வயது. ஆனால் எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. பொய்யாக அடிக்கும் அலாரம் அலாரமே இல்லாததைவிட மோசம், ஓடி வருகிற ஒரே ஆளையும் அது நிறுத்திவிடும்.

ஒரு சனிக்கிழமை போய், ராத்திரி அம்மாகூடவே படுத்துப் பார்த்தேன். இரண்டு மணிக்கு எழுந்தார். கக்கூஸ் பொடக்காளியில். ஆசாரத்துக்குள் நான்கு எட்டு வைத்தார், சைரன் அடித்தது. காரணம் அவ்வளவுதான். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகும்போது போடும் முறை ஒன்று, உள்ளே ஆள் படுத்திருக்கும்போது போடும் முறை இன்னொன்று. முதல் முறையில் எல்லா சென்சாரும் விழித்திருக்கும். இரண்டாவதில் கதவுகள் மட்டும் காவலில் இருக்கும், உள்ளே நடமாட்டம் பார்க்கும் சென்சாரைப் பெட்டி கண்டுகொள்ளாது. அந்த சென்சார் உடம்புச் சூடு நகர்வதைப் பிடிப்பது. திருடன் சூடு, அம்மா சூடு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. பையன் எங்களுக்குக் காட்டியது வெளியே போகும் முறையை மட்டும். அம்மா அதையேதான் ஒழுங்காக, ஒருநாள்கூட மறக்காமல், தினமும் படுக்கப் போகும்போது போட்டிருக்கிறார். சொன்னதைச் சொன்னபடி செய்தவரைத்தான் நாங்கள் ஒரு மாதமாக "தப்பாக அழுத்துகிறார்" என்று பேசிக்கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டிலும் முக்கால்வாசி இதுவாகத்தான் இருக்கும். ராத்திரி எந்தப் பட்டனை அழுத்துகிறார்கள் என்று முதலில் பாருங்கள். படுக்கப் போகும்போது உள்ளிருப்பு முறை. ராத்திரி வெளியே போக வேண்டும் என்றால், கதவைத் திறக்கும் முன்பு எண்ணை அழுத்தி நிறுத்திவிட வேண்டும், திரும்பி வந்து மறுபடி போட வேண்டும். இரண்டே பழக்கம்.

பட்டனில் இங்கிலீஷ் எழுத்து இருப்பதற்கு வழி அம்மாவே கண்டுபிடித்தார். ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்து, வெளியே போகும் பட்டனில் சிவப்பு, உள்ளே படுக்கும் பட்டனில் பச்சை ஒட்டினார். "செவப்புன்னா ஊருக்கு, பச்சைன்னா பாய்க்கு" என்றார். அதற்கப்புறம் அந்த இரண்டில் ஒரு நாளும் அவருக்குக் குழப்பம் வந்ததில்லை.

அடுத்தது எண். பெட்டி வரும்போதே ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் 1234 மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கும். அதை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். தம்பி போனிலேயே, அப்பா இறந்த தேதியை வைத்துவிடலாம், அம்மா மறக்கமாட்டார் என்றான். அம்மா போனை வாங்கி, "அதெத் தெனமும் ராத்திரி நான் அமுத்தோணுமா கண்ணு?" என்று கேட்டார். அவன் அழுதுவிட்டான். பிறகு அம்மா தானே ஒரு எண் சொன்னார். இருபது வருடம் தன் கையால் எழுதிய எண், அவருக்கு வெளியே யாருக்கும் அதில் ஒரு பொருளும் கிடையாது. எது என்று இங்கே எழுத முடியாது. உங்கள் பெற்றோரிடமும் எண்ணை நீங்கள் திணிக்காமல் கேளுங்கள். பிறந்த வருடம், வண்டி நம்பர், வீட்டு நம்பர் மட்டும் வேண்டாம்.

இதோடு இன்னொன்று, யாரும் சொல்லாதது. நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் வரும். ஆனால் மஞ்சள் பட்ட கையோடு தினமும் அதே நான்கு பட்டனை அழுத்தினால் அந்த நான்கில் மட்டும் கறை படியும், எழுத்து தேயும். பார்க்கிறவனுக்கு அப்புறம் 24 எண்கள்தான் மிச்சம். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் எல்லாப் பட்டனையும் துடைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணை மாற்றுங்கள்.

நேரமும் முக்கியம். கதவைத் திறந்ததும் கீபேட் பீப் பீப் என்று கத்தும், அதற்குள் எண்ணை அழுத்தினால் சைரன் அடிக்காது. எங்களுக்கு அந்தப் பெட்டிக்காரப் பையன் 30 வினாடி வைத்திருந்தான். அது அவன் வயதுக்கான கணக்கு. சந்தைப் பையோடு வந்து, செருப்பைக் கழற்றி, லைட்டைப் போட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டும் அம்மாவுக்கு அது போதாது. அவசரத்தில் தப்பாக அழுத்துவார், மறுபடி அழுத்துவார், நான்கைந்து தடவை தப்பானதும் எங்கள் பெட்டி கீபேடையே கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். அதற்குள் சைரன் அடித்துவிடும். திரும்பக் கூப்பிட்டு 60 வினாடியாக மாற்றச் சொன்னேன். "செக்யூரிட்டி குறையுமுங்க" என்றான். குறையும்தான். ஆனால் அம்மா கை நடுங்காமல் எண்ணை அழுத்துவது எனக்கு அதைவிடப் பெரிய செக்யூரிட்டி.

பழக்கிய விதம் இதுதான். பகலில், சைரன் ஒயரைக் கழற்றிவைத்துவிட்டு (தெரிந்தவர் செய்தால் நல்லது, திரும்ப மாட்ட மறக்கக்கூடாது), அம்மாவை வெளியே போய் வரச் சொன்னேன். போடுவது, போவது, வருவது, நிறுத்துவது. ஒரு மதியத்தில் முப்பது தடவை இருக்கும். நான் கீபேடைத் தொடவே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் நாம் செய்யும் தப்பே, "இப்படிம்மா" என்று சொல்லி நாமே அழுத்திக் காட்டிவிடுவதுதான். விரல் பழக வேண்டியது அவருக்கு.

மற்றபடி சில்லறைக் காரணங்கள். சென்சார் மேல் பல்லி ஏறினால் அடிக்கும், காற்றில் கதவு ஆடினால் காந்தம் விலகி அடிக்கும், பேட்டரி இறங்கினால் கீபேட் விட்டுவிட்டுக் கத்தும். டயலர் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்திருந்தால் சைரன் மட்டும் அடிக்கும், போன் யாருக்கும் வராது. எங்களுக்கு ஒரு தடவை அப்படி ஆகி ஒன்பது நாள் தெரியாமலே இருந்தோம்.

இப்போது முக்கியமானது. அலறினால் எப்படி நிறுத்துவது என்றுதான் எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். அது தப்பு. ராத்திரி அலறினால் முதலில் நிறுத்தக் கூடாது. எந்த நம்பர் விளக்கு மின்னுகிறது என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு 1 ஆசாரக் கதவு, 2 பொடக்காளி. மின்னுகிற பக்கம் போகவே கூடாது. அலறட்டும். அலறுவதற்குத்தான் அதை மாட்டியிருக்கிறோம்.

போன மார்கழியில் ஒரு ராத்திரி ஒன்றே முக்காலுக்கு எனக்கு அழைப்பு வந்தது. அம்மாவுக்கு அடித்தேன். சைரன் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் நிதானமாக இருந்தது. "ரண்டு மின்னுது கண்ணு. நான் எழுந்திரிக்கவே இல்ல. உள்ரூம்ல தாப்பாப் போட்டுட்டு நின்னுட்டிருக்கேன். நிறுத்துல." பெரியப்பாவும் அவர் பேரனும் டார்ச்சோடு வந்தார்கள். பொய் அலாரம் நின்று மூன்று மாதம் ஆகியிருந்ததால்தான் வந்தார்கள், அதை மறக்காதீர்கள். பொடக்காளிக் கதவின் கொண்டி பாதி நெகிழ்ந்து, கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. மார்கழியில் எங்கள் பக்கம் அப்படிக் காற்று கிடையாது. ஆள்தானா என்று இன்றுவரை தெரியவில்லை. பெரியப்பா குரல் கேட்ட பிறகுதான் அம்மா வெளியே வந்து, எண்ணை ஒரே தடவையில் சரியாக அழுத்தி நிறுத்தினார். "வராது" என்று அந்தப் பையன் சொன்ன அதே கைகள்.

கத்தியைக் காட்டி நிறுத்தச் சொன்னால் அழுத்துவதற்கென்று தனியாக ஒரு எண் வைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. சைரன் நிற்கும், ஆனால் சத்தமில்லாமல் தகவல் போய்விடும். உங்களுடையதில் இருக்கிறதா என்று கேளுங்கள். "கேமரா போதாதா, நாய் வளர்த்தால் போதாதா" என்று இங்கே எழுதப்போகிறவர்களுக்கு: கேமராவும் இருக்கிறது, நாயும் இருக்கிறது. கேமரா நடந்ததைக் காட்டும். சேமலைகவுண்டம்பாளையத்துக்கு அப்புறம் நடந்ததைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நாய் என்றதும் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகையைக் காப்பாற்ற இத்தனை பெட்டி மாட்டுகிறோம். அம்மாவிடம் இருப்பது கழுத்துச் செயினும் காதுத் தோடும்தான், அவருடைய உண்மையான சொத்து பட்டியில் நிற்கும் ஆடுகள். போன வருடம் ஒரே ராத்திரியில் தெருநாய்கள் கிளுவை வேலியைப் புகுந்து ஏழு ஆட்டைக் கடித்துக் குதறிப் போட்டன. இரண்டு சினை. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை என்று எங்கள் பக்கம் முழுக்க இதே கதை, செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல்கூடச் செய்தார்கள். நாங்கள் மனு எழுதி அலைந்ததுதான் மிச்சம், போன இடத்தில் "ஆடுதானேம்மா" என்றார் ஒருவர். கொரங்காட்டை மட்டும் நம்பி இருக்கும் வீட்டில் ஏழு ஆடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் திருட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

போன மாதம் பேட்டரி மாற்ற அதே பையன் வந்தான். அம்மா அவனைப் பட்டிக்குக் கூட்டிப்போய், இங்கே ஒன்று மாட்ட முடியுமா என்று கேட்டார். வேலியோரம் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஓடும் சென்சார் வைக்கலாம், குறுக்கே எது போனாலும் அடிக்கும் என்றான். "ஆனா அது வேண்டாமுங்கம்மா, நாய் போனாக்கூட அடிக்குமுங்க" என்றான்.

"நாய் வந்தாத்தான் தம்பி அடிக்கோணும்" என்றார் அம்மா. அடுத்த வாரம் கம்பம் நடுகிறோம். கீபேடில் அது 5. இந்தத் தடவை அவன் அம்மாவுக்குத்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறான், நான் பக்கத்தில் இருப்பேன்.