பார்சல் கடைக்கு மக்கும் பெட்டி: கொதிக்கிற சாம்பாரை ஊற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

புதுச்சேரியில் சின்னதாகப் பார்சல் டிபன் கடை தொடங்கப் போவதாகவும், மக்கும் பெட்டிகளில் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக யாராவது பளபளவென்று சாம்பிள் காட்டியிருப்பார். தயவுசெய்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்து அனுபவப்பட்டவன்.

கடலூரில் எட்டு வருடமாகப் பார்சல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மாசி மகத்தன்று, தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்கு வந்தவர்கள் 120 சாம்பார் சாதம் சொல்லியிருந்தார்கள். "மக்காச்சோளத்தில் செய்தது சார், மண்ணில் போட்டால் மக்கிவிடும்" என்று வியாபாரி சொன்னதை நம்பி வாங்கிய கண்ணாடி மாதிரிப் பெட்டிகளில் சுடச்சுடப் போட்டோம். பத்து நிமிடத்தில் அடி தொய்ந்துவிட்டது, மூடி வளைந்து கழன்றது. வாங்க வந்த அம்மா ஒருவர், "தம்பி, கை வச்ச இடமெல்லாம் அமுங்குதுப்பா" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மனைவி ஓடிப்போய் வாழையிலைக் கட்டு வாங்கி வந்தாள். எல்லாவற்றையும் மாற்றிக் கட்டிக் கொடுத்தோம்.

அப்புறம்தான் விசாரித்தேன். அது பிஎல்ஏ என்கிற மக்காச்சோளப் பிளாஸ்டிக். ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகிவிடும். மண்ணில் மக்கும் என்பதும் சரியில்லை. அதே அளவு சூட்டை விடாமல் வைத்திருக்கும் பெரிய உரக்கிடங்கில்தான் சில மாதங்களில் மக்கும். கொல்லையிலோ கடற்கரையிலோ போட்டால் வருடக்கணக்கில் கிடக்கும்.

பிஎல்ஏவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மோருக்கும் பழத்துண்டுக்கும் அது போதும். ஆனால் மக்கும் பிளாஸ்டிக் விற்பவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் இருக்க வேண்டும். பெட்டி, மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். பிரதி கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பேப்பர் கப்பையும் நம்பாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். தமிழ்நாட்டில் அந்தக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை.

இப்போது இட்லி, பொங்கல், சாதம் எல்லாம் வாட்டிய வாழையிலையில் கட்டி, மேலே பிரவுன் பேப்பர் சுற்றுகிறோம். செய்தித்தாள் கூடவே கூடாது, மை சோற்றில் ஏறும். குருமாவுக்குக் கரும்புச் சக்கைப் பெட்டி. சக்கைப் பெட்டியில் எண்ணெய் இறங்காமல் இருக்கச் சிலர் ஃபுளோரின் சேர்ந்த ரசாயனம் கலக்கிறார்கள். அது இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். அப்படி வாங்கினால் நேரம் போகப் போக எண்ணெய் கசியத்தான் செய்யும், அதனால் தூரத்து ஆர்டருக்கு நான் குருமா அனுப்புவதில்லை.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. டெலிவரிக்கு வருகிற பையன் பையை வண்டி ஹேண்டிலில் மாட்டிக் குலுக்கிக்கொண்டு போகிறான். கொட்டினால் ஒற்றை நட்சத்திரம் எனக்கு. செயலிக்காரர்களிடம் சொன்னால் பதிலே வராது, கமிஷன் மட்டும் தவறாமல் பிடித்துவிடுவார்கள். பையனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு என்ன அவசரமோ.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பெட்டியானாலும் பத்து சாம்பிள் கேளுங்கள். கொதிக்கிற சாம்பாரை முக்கால் அளவு ஊற்றி, மூடி, ஒரு வெள்ளைத்தாள் மேல் முக்கால் மணி நேரம் வையுங்கள். தாளில் கறை இறங்காததை மட்டும் வாங்குங்கள். ரசத்துக்கு எனக்குத் திருப்தியான பெட்டி இன்னும் கிடைக்கவில்லை. தூக்குவாளி கொண்டுவருகிறவர்களுக்கு 5 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறேன்.