ஐந்து பொட்டலங்கள்

அன்புள்ள அண்ணா,

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். எனக்குப் பிறந்தவர்கள் மூன்று பேர், எங்களோடு வளரும் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர். வயது 14, 11, 8, 5, 2. போன வருடம் வரை கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் தாராளமாகவே வாங்கினோம். இந்த வருடம் கணவருக்கு வேலை பாதியாகிவிட்டது. போன வருடம் செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது. மூத்தவன் ஹெட்போன் கேட்கிறான். எட்டு வயதுக்காரி கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பக்கம் நிறையக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். தொகையை ஐந்தாகப் பிரித்துச் சமமாக வாங்குவதுதான் நியாயம் என்கிறார் கணவர். அக்கா பிள்ளைகளுக்கு ஒரு குறை வந்தாலும் தப்பாகிவிடுமே என்று எனக்குப் பயம். கடன் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மை உடைந்த பிறகும் தவணை கட்டிக்கொண்டிருப்பது வீட்டில் ஒருவருக்கும் நல்லதல்ல. பிள்ளைகளுக்கும்தான். நீங்கள் எரிச்சலாக இருந்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் கணவர் சொல்லும் நியாயத்தை நானும் ஒரு வருடம் நம்பினேன். வீட்டில் நான்கு சின்னப் பிள்ளைகள். சண்டையே வரக்கூடாது என்று ஒரே கடையில், ஒரே நிறத்தில், ஒரே மாதிரி நான்கு கார்கள் வாங்கிக் கொடுத்தேன். மதியத்துக்குள் ஒன்றின் சக்கரம் கழன்றது. மாலையில் நான்கு பேரும் சேர்ந்து, உடைந்தது தன்னுடையது இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். யாருடையது எது என்று எனக்கும் தெரியவில்லை. அடியில் ஒரு பெயராவது எழுதியிருக்கலாம்.

பிள்ளைகளுக்குச் சமம் என்பது பெரிய விஷயம், அதில் சந்தேகமில்லை. 2008-இல் பொருளாதார அறிஞர் எர்ன்ஸ்ட் ஃபெர் குழுவினர் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 முதல் 8 வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் மிட்டாயைப் பங்கிடச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று நான்கு வயதில் பெரும்பாலோர் தங்களுக்குக் கிடைப்பதை மட்டும் பார்த்தார்கள். ஏழெட்டு வயதில் பெரும்பாலோருக்குப் பங்கு ஏற்றத்தாழ்வாக இருப்பதே பிடிக்கவில்லை. தனக்குக் குறைந்தாலும் சரி, அடுத்தவருக்குக் குறைந்தாலும் சரி. உங்கள் எட்டு வயதுக்காரி அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். ஐந்து வயதுக்காரர் அதை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். ஆனால் அவர்கள் எண்ணுவது எதை? என் அனுபவத்தில், பொட்டலத்தை. பில் தொகையை அல்ல. ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு மூன்று என்றால் அங்கேதான் முகம் வாடும். அதனால் சமமாக இருக்கவேண்டியது எண்ணிக்கை. ஆளுக்கு ஒன்றா, ஆளுக்கு இரண்டா, முடிவு செய்துகொள்ளுங்கள். தொகை ஏறி இறங்கட்டும். அக்கா பிள்ளைகள் விஷயத்திலும் இதே கணக்குதான்: எண்ணிக்கை ஒன்றாக இருக்கவேண்டும், சுற்றும் காகிதம் ஒன்றாக இருக்கவேண்டும், பெயர் எழுதும் கை ஒன்றாக இருக்கவேண்டும்.

அடுத்து, வாங்கும் வரிசை. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நாமெல்லாம் சின்னதுக்குத்தான் முதலில் வாங்குவோம். சின்னப் பொருள்கள் பார்க்க அழகாக இருக்கும், சுலபமாகவும் கிடைக்கும். பெரியவனிடம் வருவதற்குள் பணம் தீர்ந்திருக்கும். தலைகீழாகச் செய்யுங்கள். 14-க்கு முதலில், 2-க்குக் கடைசியில். இரண்டு வயதுக்காரருக்கு அன்று கிறிஸ்துமஸ் என்பதே தெரியாது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து அருங்காட்சியகம் ஒன்று, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் விளையாடிய பொம்மைகளைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கிறது. 2005-இல் அதில் இடம்பிடித்தது வெறும் அட்டைப்பெட்டி. 2008-இல் ஒரு குச்சி. அந்தத் தேர்வுக்குழுவில் நிச்சயம் பிள்ளை வளர்த்தவர்கள் இருந்திருப்பார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் குவிப்பதில் பிரயோசனமும் இல்லை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயதுவரை உள்ள 36 குழந்தைகளை விளையாடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவை அறையில் 4 பொம்மைகள், இன்னொரு தடவை 16. நான்கே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், விதவிதமாகவும் விளையாடினார்கள். 2018-இல் வெளியான ஆய்வு அது. போன வருடம் நீங்கள் தாராளமாக வாங்கியதில் இன்று எது கையில் இருக்கிறது, எது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அந்தப் பட்டியல் என் பதிலைவிட உங்களுக்கு உதவும்.

பெரியவனுக்கு வருகிறேன். அவனிடம் மறைக்காதீர்கள். வேலை பாதியானது அவனுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? பதினான்கு வயதுக்காரர்கள் அடுத்த அறையில் இருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். கையில் இருக்கும் தொகையைச் சொல்லுங்கள். அவன் பங்கு எவ்வளவு என்றும் சொல்லுங்கள். அந்தப் பங்குக்குள் சாதாரண ஹெட்போன் வேண்டுமா, அல்லது அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு பிறந்தநாள் பணத்தோடு சேர்த்து நல்லதாக வாங்கலாமா என்று அவனையே கேளுங்கள். இரண்டாவதைச் சொன்னால், பணத்தைக் கவரில் போட்டு நீட்டிவிடாதீர்கள். ஒரு பெட்டிக்குள் வைத்துச் சுற்றுங்கள். மற்ற நால்வரும் பிரிக்கும்போது அவனும் எதையாவது பிரிக்கவேண்டும்.

கேட்டு வாங்குவதில் ஆச்சரியம் போய்விடுமே என்பார்கள். பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களிடம், வந்த பரிசுகளுக்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று கேட்டார். அவர் கணக்குப்படி, செலவான பணத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வீண். நமக்குப் பிடித்ததை அடுத்தவருக்கு வாங்கினால் அப்படித்தான். கை இறுக்கமான வருடத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு ஒரு பிள்ளையின் முழுப் பரிசு.

கிறிஸ்துமஸ் தாத்தா விஷயம் கொஞ்சம் தந்திரமானது. பெரிய பரிசை அவர் பெயரிலும் சின்னதை உங்கள் பெயரிலும் கொடுப்பவர்கள் உண்டு. மாற்றிச் செய்யுங்கள் என்பேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தாத்தா சைக்கிளே கொடுத்துவிட்டு நம் பிள்ளைக்குப் பென்சில் டப்பா கொடுத்தால், தான் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லையோ என்றுதான் அது நினைக்கும். தாத்தா எப்போதும் சின்னதாகவே கொடுக்கட்டும். அந்தத் தாத்தாவுக்கு மூலமான 4-ஆம் நூற்றாண்டு மைரா நகரத்து ஆயர் புனித நிக்கலாஸைப் பற்றி ஒரு கதை உண்டு. ஏழைத் தகப்பனின் மூன்று மகள்களுக்காக இரவில் யாருக்கும் தெரியாமல் பொற்காசு முடிப்புகளை வீட்டுக்குள் எறிந்தாராம். கதையின் ஒரு வடிவத்தில் மூன்றையும் ஒரே இரவில் எறியவில்லை. ஒவ்வொரு மகளுக்கும் கல்யாண வயது வந்தபோது ஒவ்வொன்றாக. அவருக்கும் ஒரே வீட்டில் பல பிள்ளைகள் என்ற உங்கள் பிரச்சினைதான்! நீங்களும் எல்லாவற்றையும் 25-ஆம் தேதியே கொடுத்துத் தீர்க்கவேண்டியதில்லை. ஜனவரி 6, ஞானிகள் காணிக்கை கொண்டுவந்ததை நினைக்கும் நாள். ஐந்து பேருக்கும் பொதுவான ஒன்றை, ஒரு பலகை விளையாட்டோ நல்ல பந்தோ, அன்றைக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய பொருள் வாங்குவதில் கூச்சமே வேண்டாம். புத்தகமும் சைக்கிளும் துடைத்தால் புதுசுதான். புதிர்ப் படம் வாங்கினால் மட்டும் துண்டுகளை எண்ணிவிட்டு வாங்குங்கள். 500-இல் ஒன்று குறைந்தால், முகத்துக்கு நடுவில்தான் ஓட்டை விழும்.

வீட்டில் இரண்டு வயதுக்காரர் இருப்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மற்ற நால்வருக்கும் வாங்குவது எல்லாம் அவர் வாய்க்கும் போகும். பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன உருளை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. வீட்டில் டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அது சற்று அகலம் என்பதால் இன்னும் பத்திரம். அதைவிட முக்கியம் பட்டன் பேட்டரி, சட்டைப் பட்டன் மாதிரி வட்டமாக இருக்கும் சின்ன பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், பேட்டரி செலவையும் சுற்றும் காகிதத்தையும் முதலிலேயே தொகையில் கழித்துவிடுங்கள். திருகாணி மூடியைத் திறக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை 24-ஆம் தேதி இரவே எடுத்து வைத்துவிடுங்கள். விடியற்காலையில் ஐந்து பேரும் சுற்றி நிற்கும்போது அது கிடைக்கவே கிடைக்காது.